சிறைக் கதவும் நம் வாயிற் கதவும்

எம் ஊராகிய வரதராசன்பேட்டையில் முந்திரி உடைக்கும் பெண்டிரின் விரல்களைக் கண்டவர் எளிதில் மறவார். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் வெந்து கறுத்து, உரிந்து, மீண்டும் கறுத்திருக்கும். அத்தகைய விரல்களுக்கிடையே நான்காய் மடித்த மடலொன்றைப் பற்றிக்கொண்டு ஓர் அம்மையார் என் வீட்டுத் திண்ணையோரம் வந்து நின்றார். விளக்கு வைத்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஊர் உறங்கும் வேளை பார்த்தே வந்திருக்கிறார்.

"ஐயா, தம்பி கடுதாசி போட்டிருக்கு. படிச்சுச் சொல்லுங்க."

அந்தத் தம்பி என் மாணவன். ஒன்பதாம் வகுப்பில் யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தபோது, வகுப்பில் எல்லார்க்கும் முன்னால் வெண்பாவின் ஈற்றடியைப் பிடித்துக்கொண்டவன். இருபத்து மூன்று அகவையில் ஊர்த் திருவிழா இரவொன்றில் எழுந்த கைகலப்பில் ஓர் இளைஞன் இறந்தான். இவன் சிறை சென்றான். இறந்தவனும் என் மாணவனே. அவன் தாயும் அதே முந்திரிக் களத்தில்தான் உடைக்கிறார். இவ்விரு தாயரும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே கூரையின் கீழ் எதிரெதிர் மூலையில் அமர்ந்திருப்பதை நான் நாள்தோறும் கண்டுகொண்டு பள்ளிக்குச் செல்கிறேன். ஆகவே குற்றத்தைக் குறைத்துப் பேச இதனை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மையாரின் மடலைப் படித்தேன். இறுதி வரியில், "ஐயாவுக்கு இரண்டு மடல் எழுதினேன். கிடைக்கவில்லை போலும்" என்றிருந்தது. அந்த வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. இரண்டு மடல்களும் கிடைத்திருந்தன. என் மேசையின் இழுப்பறையில், விடைத்தாள் கட்டுகளின் அடியில், எட்டுத் திங்களாகக் கிடந்தன.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் தண்டனை பெறுமுன், பிணை கிடைத்தும் பிணையாள் இருவர் கிடைக்காமல் பதினான்கு திங்கள் உள்ளே கிடந்தான். என்னிடமும் வந்து கேட்டனர். "பள்ளியாசிரியன் நான், ஊர் என்ன சொல்லும்?" என்றேன். தமிழைத் தூய்மையாய்ப் பேசுகிறேன் என்று செருக்கிக்கொண்ட இந்த வாய்தான் அதனைச் சொல்லிற்று.

தமிழன்பர்களே! என் குற்றம் என்னோடு நிற்பதாயின் இதழில் எழுத வேண்டுவதில்லை. இது நம் எல்லாரிடமும் உள்ள குற்றம். மொழிப்போரில் சிறை சென்றவர்களுக்கு நாம் மாலையிடுகிறோம், ஆண்டுதோறும் படந்திறக்கிறோம். அது தக்கதே. ஆயினும் நம் தெருவிலிருந்து ஏழைப் பிள்ளை ஒருவன் சிறைக்குப் போனால் அவன் வீட்டு வாயிலைத் தாண்டும்போது நடையை விரைவுபடுத்துகிறோம். போற்றப்பட்ட சிறையாளர்க்கே நாம் எவ்வளவு உண்மையாய் இருந்தோம் என்பதும் எண்ணத் தக்கது. 1908இல் இரட்டை வாழ்நாள் தண்டனை பெற்று, கோவையிலும் கண்ணனூரிலும் வாடி, 1912 திசம்பரில் வ.உ.சிதம்பரனார் வெளிவந்தபோது எதிர்கொள்ளச் சென்றவர் மிகச் சிலரே. சுப்பிரமணிய சிவா அச்சிலருள் ஒருவர். கப்பலோட்டியபோது கூடிய கூட்டம் அன்று எங்கே போயிற்று?

நம் முன்னோர் நூல்கள் இவ்வாறு நடக்கச் சொல்லவில்லை. மணிமேகலை அமுதசுரபியைக் கையிலேந்தி முதலில் பசித்தவர்க்கு இட்டாள். அதன்பின் சிறைக்கோட்டத்துள்ளும் சென்று இட்டாள். மன்னனிடம் அவள் தனக்கென ஒன்றும் கேளாமல், அச்சிறையையே அறக்கோட்டமாக்கித் தரக் கேட்டாள். சாத்தனார் அதற்கென ஒரு காதையே வகுத்திருக்கிறார். 'இன்ன குற்றம் செய்தவர்க்கு மட்டும் சோறு' என்று அவள் வாயிலில் நின்று உசாவியதாக அக்காதையில் இல்லை.

சேரமான் கணைக்கால் இரும்பொறையின் செய்தியும் நாமறிந்ததே. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் அவன் நீர் கேட்டான். உடன் தராது காலந்தாழ்த்துத் தந்தனர். பருகாது துஞ்சினான் என்பது புறநானூற்று 74ஆம் பாட்டின் கீழுள்ள குறிப்பு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனைச் சிறைமீட்டார் என்பது மற்றொரு மரபு. இவ்விரண்டும் தம்முள் ஒவ்வாமையை ஆய்வாளர் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே. தோற்றுச் சிறைப்பட்ட நண்பனுக்காகப் பகை மன்னன் அவைக்கே சென்று பாடிய புலவன் ஒருவனைத் தமிழ் நினைவில் வைத்திருக்கிறது. அவன் வழிவந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நானோ இரண்டு மடலுக்கு விடை எழுதவில்லை.

இனி, நம் காலத்தில், நம் கண்முன் ஒரு தாய் செய்துகாட்டியதைப் பேச வேண்டும். சோலையார்ப்பேட்டை அற்புதம் அம்மாளைச் சொல்கிறேன். அவர் கணவர் குயில்தாசன் பாவலர்; என்னைப் போன்றே ஆசிரியர். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயரிட்ட குடும்பம். 1991 மே 21 அன்று திருப்பெரும்பூதூரில் இராசீவ் காந்தியும் அவரோடு மற்றும் பலரும் குண்டு வெடித்து மாண்டனர். அம்மாண்டவர்க்கும் தாயரும் மக்களும் உண்டு. அவர்தம் துயர் எந்தத் தீர்ப்பாலும் தீராதது. அவ்வழக்கில் 1991 சூன் 11 அன்று சென்னையில் பேரறிவாளனைப் பிடித்தனர். சிறிது உசாவிவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவதாகச் சொல்லி அழைத்துச் சென்றார்கள் என்று அத்தாய் பின்னர்ப் பலமுறை கூறியிருக்கிறார். அன்று அவர்க்குப் பத்தொன்பது அகவை. மின்னணுத் துறையில் பட்டயம் படித்திருந்தார். எனக்கும் அவர்க்கும் அகவை ஏறத்தாழ ஒன்றே. அந்த ஆண்டில் நான் கல்லூரியில் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். நான் பட்டம் பெற்று, பணியிற் சேர்ந்து, மணந்து, மக்களைப் பெற்று, அவர்களையும் கல்லூரிக்கு அனுப்பிய பிறகும் அவர் உள்ளேதான் இருந்தார்.

1998 சனவரி 28 அன்று பூந்தமல்லித் தனிமன்றம் 26 பேர்க்கும் சாவுத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச முறைமன்றம் பத்தொன்பதின்மரை விடுவித்து, மூவர்க்கு வாழ்நாள் தண்டனையாக்கி, பேரறிவாளன் உள்ளிட்ட நால்வர்க்குச் சாவை உறுதி செய்தது. 2011 ஆகத்தில் இரக்க முறையீடு தள்ளப்பட்டு, செத்தம்பர் 9 தூக்கிடும் நாளென்று குறிக்கப்பட்டது. தன் பிள்ளையின் சாவு நாளைச் செய்தித்தாளில் கண்ட தாயை எண்ணிப் பாருங்கள்! ஆகத்து 30 அன்று சென்னை உயர் முறைமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. அதற்கு இருநாள் முன்னர்தான் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளநங்கை தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டாள். அவளை நம் மேடைகள் பாடுகின்றன. நான் பாடமாட்டேன். சினங்கொள்ளாதீர்கள். நமக்கு வேண்டியவர்கள் உயிரோடிருந்து, கிழமைதோறும் பேருந்தேறி, சிறைவாயிலில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளே.

அதைத்தான் அற்புதம் அம்மாள் செய்தார். சிறைப்பட்ட நாளுக்கும் விடுதலை நாளுக்கும் இடையே 30 ஆண்டு 11 திங்கள். கிழமைக் கணக்கில் 1,600க்கு மேல். வேலூர் என்றும் புழல் என்றும் சிறைகள் மாறின. அவர் போக்கு மாறவில்லை. கம்பிக்கு இப்பால் நின்று சில மணித்துளிகள் பேசுவதற்காக ஒரு நாள் முழுதும் பயணம். அவர் சட்டம் கற்றவர் அல்லர். ஆயினும் ஒவ்வோர் ஆவணத்தையும் பையில் சுமந்து வழக்கறிஞரிடமும், தலைவரிடமும், இதழாளரிடமும் சென்றார். மகனைப் பற்றி எல்லாரும் பேச மறந்த ஆண்டுகளிலும் அவர் பேசினார்.

வெளியிலிருந்து வந்த இந்தத் தொடர்பு உள்ளே என்ன செய்தது என்பதை நோக்குங்கள். தூக்குக் கொட்டடியில் இருந்தவர் படித்தார். 2012இல் மேனிலைத் தேர்வில் 1,200க்கு 1,096 மதிப்பெண் பெற்றார். நாள் எண்ணப்பட்ட ஒருவர் எதற்காகத் தேர்வெழுத வேண்டும்? அடுத்த கிழமை வரும் அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி வேண்டும் அல்லவா! இது என் ஊகமே. ஆனால் முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் ஊகம். படிக்கும் பிள்ளை எவர் முகத்தை எண்ணிப் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

பின்னர் நடந்தவை விரைந்து சொல்லத் தக்கவை. அவருடைய ஒப்புரையைப் பதிந்த நடுவண் புலனாய்வுக் கழகத்து அலுவலர் தியாகராசன், மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013 நவம்பரில் வெளிப்படக் கூறினார். இரக்க முறையீட்டின்மேல் முடிவெடுக்க ஆண்டுக்கணக்கில் காலந்தாழ்த்தியதைக் கருதி 2014 பிப்பிரவரி 18 அன்று சாவுத் தண்டனை வாழ்நாள் தண்டனையாயிற்று. முதன்முறை சிறைவிடுப்பில் அவர் வீடு வந்தது 2017 ஆகத்தில். நோயுற்ற தந்தையைக் காண. 2018 செத்தம்பர் 9 அன்று தமிழ்நாட்டு அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் அதனை இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவர்க்கு அனுப்பினார். இறுதியில் 2022 மே 18 அன்று அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி உச்ச முறைமன்றமே விடுவித்தது. அத்தீர்ப்பு அவர்தம் நன்னடத்தையையும் சிறையில் பெற்ற கல்வியையும் கருத்தில் கொண்டது. தாய் சுமந்த பையும் மகன் எழுதிய தேர்வும் இறுதியில் ஒரே தீர்ப்பில் வந்து சேர்ந்தன.

அதே வழக்கில் சாந்தன் என்னும் ஈழத்தவரும் இருந்தார். 2022 நவம்பர் 11 அன்று ஏனைய அறுவரும் விடுவிக்கப்பட்டபோது அவரும் விடுதலை பெற்றார். ஆனால் அயல்நாட்டார் என்பதால் திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். அவர் தாய் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில். சோலையார்ப்பேட்டைத் தாய்க்குப் பேருந்து இருந்தது. உடுப்பிட்டித் தாய்க்கு அதுவும் இல்லை. ஊர் திரும்ப இசைவு கிடைத்த வேளையில், 2024 பிப்பிரவரி 28 அன்று, சென்னை மருத்துவமனையில் சாந்தன் இறந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் காணாத மகனை அத்தாய் பேழையில் கண்டார். இதைப்பற்றி மேலும் எழுத என்னால் இயலவில்லை.

உறவைத் துண்டிப்பதே பெரிய தண்டனை என்பதை ஆட்சியாளர் நன்கு அறிவர். 1964இல் நெல்சன் மண்டேலாவை இராபன் தீவுக்கு அனுப்பியபோது, ஆறு திங்களுக்கு ஒரு மடல், ஒரு நேர்காணல் என்று அளந்தனர். மறுதலையாக, உறவு தொடர்ந்தால் நாட்டுக்கும் நலமே. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,420 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, சிறையில் நேர்காணல் பெற்றவர்கள் மீண்டும் பெருங்குற்றத் தண்டனை பெறும் வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. காவலும் பூட்டும் செய்யாததை ஒரு தாயின் வருகை செய்கிறது.

நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்கள் யார்? நடுவணரசின் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022 இறுதியில் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர்கள். நான்கு பேரில் மூவர் குற்றவாளி என்று எவராலும் சொல்லப்படாதவர்கள்! அவர்களுள் எத்தனை பேர், பிணை கிடைத்தும், என் போன்ற மதிப்புமிக்க ஆசிரியப் பெருமகன் ஒருவன் கையெழுத்திட மறுத்ததால் கிடக்கின்றனரோ!

இவர்க்கு உதவச் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவுப்படி, முன்னர் எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர் தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய பெருமத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உசாவற் சிறையிலேயே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடுதல் வேண்டும். சாவோ வாழ்நாளோ தண்டனையாகும் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு விலக்குகளும் உள. அச்சட்டத்தின் பெயர் 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா'வாம்! எம் ஊர் முந்திரிக் களத்துத் தாய் தன் மகனைக் காக்கும் சட்டத்தின் பெயரையே வாயால் சொல்ல முடியாதபடி வைத்திருக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கப் பொருளில்லாதவர்க்கு மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக் காவலில் உள்ள எவரும் கட்டணமின்றி வழக்கறிஞரைப் பெறலாம். தண்டனை பெற்றவர்க்குத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி சிறைவிடுப்பு உண்டு. பெற்றோர், மனைவி, மக்கள் இறப்பு, கடும் நோய், மக்கள் திருமணம் போன்றவற்றுக்கு நெருக்கடி விடுப்பு. மூன்றாண்டு கழித்தவர்க்குப் பொது விடுப்பு. இவற்றை எழுதிக் கேட்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் யார்? நாம்தாமே!

இங்கு என் தனித்தமிழ் உள்ளம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அம்மையார்க்குச் 'சிறைவிடுப்பு வேண்டுகை' என்று தலைப்பிட்டு அழகாக எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரோல் மனு எங்கே?" என்றனராம். மறுமுறை அடியில் அவர்கள் சொல்லையும் சேர்த்தெழுதினேன். 'பரோல்' பிரெஞ்சு, 'சாமீன்' அரபு வழி வந்தது, 'கைதி'யும் அவ்வாறே என்று வகுப்பில் நான் விளக்குவேன், இனியும் விளக்குவேன். ஆனால் ஒரு தாய் மீண்டும் ஒரு நாட்கூலியை இழந்து அலைவதற்கு என் சொல் கரணியமாதல் கூடாது. அலுவலகங்களில் தமிழ் ஏறும்வரை இரண்டையும் எழுதுவோம். சொல்லாராய்ச்சி என்று வந்துவிட்டதால் ஒன்று: பழந்தமிழில் 'சிறை' என்பது காவலுக்கும் பெயர், பறவையின் சிறகுக்கும் பெயர். முப்பதாண்டு இதனைச் சிலேடை விளக்கத்துக்கே பயன்படுத்தி வந்தேன்.

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு காரிக்கிழமை, அம்மையாரோடு நானும் சென்றேன். விடியலில் மாதா கோயில் மணி அடிக்குமுன் புறப்பட்டு, பேருந்து இரண்டு மாறினோம். அடையாள அட்டை காட்டி, பெயர் பதிந்து, பையை ஆய்ந்து, வரிசையில் நின்று, மீண்டும் ஒரு வரிசையில் நின்றோம். நின்றவருள் பத்தில் எண்மர் பெண்டிர். தாய், மனைவி, தங்கை, இடுப்பில் குழந்தை. ஆடவர் எங்கே என்று ஒரு காவலரிடம் கேட்டேன். "முதல் ரெண்டு மாசம் வருவாங்க சார்" என்றார்.

அவன் வந்து நின்றான். இளைத்திருந்தான். அத்தனை பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. "மடல் கிடைத்தது, நான்தான் எழுதவில்லை" என்று உரக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் மேடையில் கூட அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. அவன் தலையசைத்தான். பின்பு தாயின் கையைக் கம்பியருகே கொண்டுவரச் சொல்லி விரல்களைப் பார்த்தான். எண்ணெய் தடவுகிறாயா, உறை போடுகிறாயா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது.

திரும்பும் வழியில் அம்மையார் ஒன்றும் பேசவில்லை. செயங்கொண்டத்தில் தேநீர் குடிக்கும்போது, "ஐயா வந்ததுல அதுக்கு ரொம்ப சந்தோசம்" என்றார். அவ்வளவே.

இப்போது திங்களுக்கு இரண்டு மடல் எழுதுகிறேன். பள்ளிச் செய்தி, மழை, புதிதாய் வந்த நூல், முந்திரி விலை, யார் யார் தேறினர் என்பன. அறவுரை எழுதுவதில்லை, அது அவனுக்கு அங்கே வேண்டிய அளவு கிடைக்கிறது. உறைமேல் பெயரும் சிறையாளர் எண்ணும் தெளிவாய் எழுதவேண்டும், இல்லையேல் சேராது. என் வகுப்பு மாணவர் இருவர் கேட்டு, அவர்களும் ஒரு பக்கம் சேர்த்தெழுதினர். ஊரில் சிலர் முணுமுணுத்தனர். இறந்தவனின் தாயிடம் நானே சென்று சொன்னேன். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவன் அனுப்பிய கடைசி மடலில் வெண்பா ஒன்றும் இருந்தது. மூன்றாமடியில் தளை தட்டுகிறது. திருத்தி இன்று மாலை அஞ்சலில் சேர்க்க வேண்டும்.